மலையில் இல்லாத யந்திரம்

(தானா ராத்தாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைச் செயலாளர் அவர்கள் பேசுவார். நாம் பேச வந்தது புற்றுநோய்க்குச் செய்யும் கதிர்ச் சிகிச்சையைப் பற்றி. நம் ஜனங்கள் 'கரண்டு வைக்கிறது' என்கிறார்களே, அதுதான். உடம்பில் கரண்டு பாய்ச்சுகிறார்கள் என்று பயந்து போகாமல் இருந்தவர்களும் உண்டு. அந்தப் பயம் வீண். கண்ணுக்குத் தெரியாத கதிரைப் புற்று உள்ள இடத்தில் குறிவைத்துச் செலுத்துகிறார்கள். மேஜையில் படுத்திருப்பது சில நிமிஷம். அப்போது வலி கிடையாது.

ஆனால் ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. கதிர் பட்டால் நல்ல உயிரணுவும் அடிபடும். இடையில் ஓய்வு கொடுத்தால் அது தேறிக்கொள்ளும். புற்று அவ்வளவாகத் தேறாது. ஆகையால்தான் வாரத்துக்கு 5 நாள் வீதம் 5, 6 வாரத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். பாதியில் நின்றுவிட்டால் புற்று மறுபடியும் தலையெடுக்கும்.

2022-ஆம் ஆண்டில் உலகத்தில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறக்குறைய 2 கோடிப் பேர். 2050-இல் இது மூன்றரைக் கோடியாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் பாதிப்பேருக்கு எப்போதாவது ஒரு கட்டத்தில் இந்தச் சிகிச்சை தேவைப்படும். அதனால்தான் எல்லா நாடும் யந்திரம் கேட்கிறது. யந்திரத்தை வாங்கினால் மட்டும் போதாது; கனத்த கான்கிரீட் சுவர் வைத்த அறை வேண்டும், அளவு கணக்கிடப் பௌதிகம் படித்தவர் வேண்டும். ஆகவே அது பெரிய பட்டணத்திலேயே இருக்கிறது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. புத்ராஜெயாவில் புற்றுநோய்க்கென்றே உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நமது தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இல்லை. ரிங்லெட் வளைவுகளைக் கடந்து, தாப்பாவில் இறங்கி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகவேண்டும். தினம் போய் வருகிற தூரமா?

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இருபது வருஷம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாள். வாயில் புண் ஆறவில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை நெடுநாள் பழக்கம். (தாய்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கு வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பது ருசுவான விஷயம்.) 30 நாள் கதிர் வைக்க வேண்டும் என்றார்கள். பரிசோதனைக்கு அலைந்ததிலேயே அவருடைய 22 நாள் நோய் விடுப்பும் தீர்ந்துவிட்டது. பிறகு போன நாளெல்லாம் சம்பளமில்லை. கோலாலம்பூரில் தங்க இடமுமில்லை. உறவுக்காரர் வீட்டில் எத்தனை நாள் இருப்பது? 14 நாளோடு திரும்பி வந்து மறுபடி கூடையைத் தூக்கினார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியது நம் கைதான். கிராணிக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் நமக்குத் தெரியவில்லை. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய நோயென்றால் 60 நாள். அதோடு இன்னொரு வாசகமும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்து, எக்காரணத்தாலோ சேராமல் வெளியே இருந்தாலும், சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்! கதிர் வைத்துக்கொள்பவர் பெரும்பாலும் படுக்கையில் சேர்வதில்லை. டாக்டர் அப்படிச் சான்று எழுதினால் 30 நாளும் அந்த 60-க்குள் அடங்கும். சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

யந்திரத்தை நாம் கேட்டு யார் கொடுப்பார் என்று ஒரு தோழர் வாசலிலே கேட்டார். நம் பாட்டன்மார் கப்பலேறிய சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இருந்தார். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அன்று முதல் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954-இல் அடையாற்றில் 12 படுக்கையோடு திறந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கனடாவிலிருந்து கோபால்ட் யந்திரம் அங்கே வந்து சேர்ந்தது. கேட்கத் தொடங்கியதற்கும் கதவு திறந்ததற்கும் நடுவே முப்பது வருஷம். நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நோயாளிக்கு அவகாசமும் கிடையாது.

ஆகையால் தீர்மானத்தை வாசிக்கிறோம். மலையிலிருந்து எளிதாகப் போய்வரும் தூரத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த யந்திரம் அமைக்க வேண்டும். அதுவரை, சிகிச்சை முடியும் மட்டும் நோயாளியும் துணைக்கு ஒருவரும் பட்டணத்தில் தங்க இடம் வேண்டும். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம்மோடு கொழுந்தெடுக்கும் தோழர்களுக்கும் இது பொருந்த வேண்டும். 60எஃப் பிரிவைத் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும். மூன்றாவதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை; எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம், மேஜை மேல் இருக்கிறது. தோட்டத்துக்கு ஒன்றாக எடுத்துப் போங்கள்.