ஒட்டுப்பலகை மேசையில் இணைப்பு வேலை

(சின்னமனூர் ஊராட்சி ஒன்றியத்தில் தச்சுத் தொழிலாளரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மேசை செய்வது பற்றி உங்களிடம் நாம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியே வந்தோம். ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றின் படிப்பகத்துக்கு மேசை வாங்கினோம். மேற்பூச்சு கண்ணாடிபோல் மின்னிற்று, பட்டியலில் கையொப்பமிட்டோம். அடியிற் குனிந்து பார்த்தோமில்லை. ஒரு மழைக்காலம் கழியுமுன்னரே அது ஆடத் தொடங்கி, ஒருநாள் புத்தகங்களோடு சரிந்தது. பிள்ளைகள் எவரும் அடிபடாதது நற்பேறு.

கவிழ்த்துப் பார்த்தபின் காரணம் விளங்கிற்று. மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை அது. அதன் மேலும் கீழும் நெருக்கமாகவும் நடுப்பகுதி நெகிழ்வாகவும் இருக்கும். பக்கப் பலகைகளைப் பிணைக்கும் குறுக்குப் பலகையின் விளிம்பில், அந்த நெகிழ்ந்த நடுவிலே, முன்துளையின்றித் திருகாணியை முடுக்கியிருந்தார்கள். ஆட ஆடத் துளை மாவாகிவிட்டது. தரை கழுவிய நீர் ஏறி அடிவிளிம்பும் உப்பியிருந்தது. பலகையின்மேல் மட்டும் குறை கூறுவதற்கில்லை. அதற்கொவ்வாத இணைப்பே முதற் குற்றம்.

தேக்கில் வேலை செய்யுங்கால் மரம் ஈரத்தில் விரியும், வெயிலிற் சுருங்கும் என்றறிந்து நீங்கள் இடம் விடுகிறீர்கள். ஒட்டுப்பலகையிலோ ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருத்தலின் அசைவு மிகக் குறைவு. ஆதலின் அடிச்சட்டத்தைப் பசையிட்டே பிணைக்கலாம். முன்னாளில் வச்சிரம் காய்ச்சினோம். 1959-இல் ஃபெவிக்கால் வந்தபின் அந்த அடுப்பு அணைந்தது. பசை வைத்தபின் கிளாம்ப் இட்டு இறுக்குக. ஒரு முழுநாள் செல்லுமட்டும் பாரம் ஏற்றற்க.

இனி, புதிய மேசையை எங்ஙனம் செய்தோம் என்பதைக் கூறுவோம். மேற்பலகை 19 மி.மீ. ஒட்டுப்பலகை, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரத்தது. அதன் கீழ் 38 மி.மீ. உயரமுள்ள ரீப்பர்ச் சட்டம். ரீப்பரில் திருகாணி தடையின்றி நுழையும் அளவு துளை. மேற்பலகையில் அதன் தண்டளவே ஆன சிறு முன்துளை. 50 மி.மீ. திருகாணி இட்டால் 12 மி.மீ. மேற்பலகையைப் பற்றும், 7 மி.மீ. மிஞ்சும். துளைக்கும் அலகில் ஆழத்தைக் குறித்து ஒரு நாடா ஒட்டிக்கொண்டால் பலகை பொத்துப் போகாது. கால்களைச் சட்டத்தோடு போல்ட்டு நட்டு இட்டுப் பூட்டினோம். தளர்ந்தால் எவரும் முடுக்கலாம்.

விளிம்பில் இணைத்தே தீரவேண்டுமாயின், 8 மி.மீ. மரமுளைகளைப் பசையோடு செருகுவது நன்று. கன்ஃபர்மாட் என்னும் தடித்த நேர்த்தண்டுத் திருகாணியும் உதவும், 7 மி.மீ. திருகாணிக்கு 5 மி.மீ. முன்துளை. எம்.டி.எஃப். பலகையின் விளிம்பாயின் மூலையிலிருந்து 70 மி.மீ. தள்ளியே திருகாணி இடுக, இன்றேல் பிளக்கும். சுத்தியால் திருகாணியை அறையும் பழக்கத்தை இங்கே அடியோடு விட்டுவிட வேண்டும். இது நம் நண்பர்கள் சிலருக்குக் கசக்கலாம்.

இடையே ஒன்று. மலைவேம்பு ஒட்டுப்பலகைக்கு உகந்த மரம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியார் அதன் சாகுபடியை நெடுநாளாக ஊக்குவித்து வருகின்றனர். வரப்போரம் இடமுள்ள உழவர் கருதிப் பார்க்கலாம்.

அடுத்த அறையில் பலகைத் துண்டுகள் வைத்துள்ளோம். ஒரு விளிம்பில் முன்துளை உண்டு; மற்றொன்றில் இல்லை. இரண்டிலும் ஒவ்வொரு திருகாணி முடுக்கி, பின் குறட்டால் இழுத்துப் பாருங்கள். சரிந்த பழைய மேசையையும் அங்கேயே கவிழ்த்து வைத்திருக்கிறோம்.