உப்புக்காற்றும் ஒரு வானொலிப் பெட்டியும்

ஊர்காவற்றுறையிலிருந்து இந்த மாதச் சேதி: என் வானொலிப் பெட்டி மறுபடியும் மௌனமாகிவிட்டது. வேறென்ன, உப்புக்காற்றுத்தான். பற்றரி தொடும் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு. பழப்புளி தொட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவிட்டேன், பேசத் தொடங்கியது. குத்துவிளக்குக்கு ஆகும் வைத்தியம் இதற்கும் ஆகும்.

வீட்டில் சிரிக்கிறார்கள். மின்சாரமும் கைத்தொலைபேசியும் இருக்க இது எதற்காம்?

1990களின் முற்பகுதியில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்தோம். மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோ தருவது ஆறு வோல்ட், அதுவும் ஆடலோட்டம். நாலு டயோட்டுகளும் ஒரு கொள்ளளவியும் சேர்த்து அதை நேரோட்டமாக்கினால்தான் பெட்டி பேசும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று சொல்லும் இடத்தில் கை நின்றுவிடக்கூடாது. "ஊர்ப்பேர் வருமட்டும் விடாதை தம்பி" என்பார் அம்மா.

அந்த டைனமோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் உருளை தேய்ந்து சில்லில் வழுக்குகிறது. அடுத்த மாதம் பழைய ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி மாட்டவேண்டும்.