முளையும் வேண்டாம், கயிறும் வேண்டாம்!

(கூட்டேரிப்பட்டில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சுக்குத் தனியாக ஒரு சிம் இணைப்பு தேவையா, தேவையில்லையா? ‘தேவையே’ என்ற அணியில் நிறைவாகப் பேசிய பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பக்கத்தில் இருந்து பலம் சேர்க்கும் என் அணித் தோழர்களே! எதிரே உட்கார்ந்து, நான் எப்போ தடுக்கி விழுவேன்னு காத்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! பனியையும் பார்க்காமல் கூடியிருக்கிற கூட்டேரிப்பட்டு மக்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

நடுவர் அய்யா கையில் கட்டியிருக்கிறது சாவி கொடுக்கிற பழைய வாட்ச். அதுக்கு சிம் தேவையில்லை, நான் ஒப்புக்கறேன். அதுக்கு இருக்கிற ஒரே வேலை, நாங்க எத்தனை நிமிஷம் பேசறோம்னு காட்டிக் கொடுக்கிறதுதான். (சிரிப்பு)

முதல்ல தலைப்பை எல்லோருக்கும் புரியற மாதிரி சொல்லிடறேன். ஏன்னா எதிரணியில் மூணு பேர் பேசினாங்க, மூணு பேருமே வாட்ச் எதுக்குன்னுதான் பேசினாங்களே தவிர, சிம் எதுக்குன்னு பேசலை.

சாதாரண ஸ்மார்ட் வாட்ச் இருக்கு பாருங்க, அது கயிறு கட்டின கன்னுக்குட்டி. முளைக்குச்சி எது? உங்க போன். கயிறு எது? புளூடூத். கயிறு எவ்வளவு நீளம்? வீட்டுக்குள்ள சுமார் முப்பது அடி. அந்த முப்பது அடிக்குள்ள கன்னுக்குட்டி மேயும், துள்ளும், மணி ஆட்டும். போன் வந்தா சொல்லும், மெசேஜ் வந்தா காட்டும். முப்பது அடி தாண்டினா? மணியும் தேதியும் சொல்லும், எத்தனை அடி நடந்தீங்கன்னு சொல்லும். ‘அய்யோ’ன்னு கத்தினா மட்டும் யாருக்கும் சொல்லாது.

சிம் இருக்கிற வாட்ச் கயிறு அவிழ்த்த கன்னு. உள்ளேயே சின்னதா ஒரு இ-சிம் இருக்கும். போன் இருக்கிற அதே நம்பர்லயே இதுவும் பேசும். போன் வீட்டு அலமாரியில் தூங்கினாலும், வாட்ச் நேரா டவரோட பேசிக்கும். தலைப்பு இவ்வளவுதான். கயிறு வேணுமா, வேண்டாமா?

இது ஏதோ நேத்து ராத்திரி வந்த கதையும் இல்லை. 2014-லேயே சாம்சங் கம்பெனி சிம் போடற வாட்ச் கொண்டு வந்தாச்சு. ஆப்பிள் கம்பெனி 2017-ல் கொண்டு வந்துச்சு. அது நம்ம நாட்டுக்கு 2018 மே மாசம் வந்தது, ஜியோவும் ஏர்டெல்லும் இணைப்புக் கொடுத்தாங்க. கொடுத்ததும் ரெண்டு கம்பெனிக்கும் சண்டை. ஒரு கம்பெனி மேல இன்னொரு கம்பெனி டெல்லியில் தொலைத்தொடர்புத் துறைக்கே புகார் எழுதிச்சு. தேவையே இல்லாத பொருளுக்கா இவ்வளவு பெரிய கம்பெனிகள் அடிச்சுக்குவாங்க? அதே மே மாசம் அரசாங்கமும் இ-சிம்முக்கு விதி போட்டது. ஒரு ஆளு பேர்ல 18 இணைப்பு வரைக்கும் வச்சுக்கலாம். ஒன்பது போனுக்கு, ஒன்பது இந்த மாதிரி இயந்திரங்களுக்கு. அரசாங்கமே ஒன்பது கொடுக்கறேன்னு சொல்லுது. எதிரணி ஒண்ணு கூடக் கொடுக்க மாட்டேங்குது! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “போன்தான் எப்பவும் சட்டைப் பையிலேயே இருக்கே! அப்புறம் வாட்சுக்கு எதுக்குத் தனி சிம்?” அருமையான கேள்வி. அய்யா, சட்டைப் பைன்னு சொன்னீங்க. யாருடைய சட்டை?

உங்க சட்டையில் ஒரு பை, பேன்ட்டில் நாலு பை. வேட்டி கட்டினாலும் உள்ளே டிராயர்ல ஒரு பை. நாங்க கட்டியிருக்கிற புடவையைப் பாருங்க, ஆறு முழம் இல்லை, பதினோரு முழம். பதினோரு முழத்துல ஒரு பை இருக்கா? உங்க சட்டைக்குப் பை வச்ச தையல்காரர் எங்களை மறந்துட்டார். (பலத்த கைதட்டல்)

அதனால்தான் எங்க ஆயா காலத்தில் இடுப்புல சுருக்குப்பை வந்தது. சுருக்குப்பையில் வெத்தலை இருக்கும், பாக்கு இருக்கும், சில்லறை இருக்கும். ஆறு அங்குல போன் அதில் நுழையுமா? இந்தப் பக்கத்து ஊர்கள்ல நடவு நடற பொம்பளைங்களைப் பாருங்க. முழங்கால் அளவு சேறு. குனிஞ்சா நிமிர அரை மணி நேரம். போனை இடுப்புல செருகினா சேத்துல விழுது. வரப்பு மேல வச்சா வெயில்ல காயுது, யார் காலோ மிதிக்குது. மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கும்போதும் அதே கதைதான். அதனால என்ன பண்றாங்க? போனை வீட்டிலேயே, டிவி பெட்டி மேலயே வச்சுட்டுப் போயிடறாங்க. கழனி அரை மைல் தூரம். புளூடூத் கயிறோ முப்பது அடி. அப்போ கயிறு கட்டின வாட்சை அந்தத் தாய் கையில கட்டி என்ன பயன்? போன் கூடவே வராதவங்களுக்குத்தான் வாட்சுல சிம் வேணும்!

இந்தக் கூட்டேரிப்பட்டு எங்கே இருக்கு? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மேல இருக்கு. இங்கே பிரிஞ்சா மயிலம், அப்படியே போனா புதுச்சேரி. இந்த ரோட்டு வழியா தினமும் யார் போறாங்க? சென்னைக்கு வேலைக்குப் போற நம்ம பசங்க. பஸ் ஏத்தி விட்ட கையோட அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பறாங்க. அந்த வீட்டில் அதுக்கப்புறம் ரெண்டு பேர். கொஞ்ச வருஷம் போனா ஒரே ஒருத்தர்.

சாயங்காலம் சென்னையிலிருந்து மகன் போன் பண்றான். டிவி பெட்டி மேல மணி அடிக்குது, அடிக்குது, அடிச்சு ஓயுது. அம்மா எடுக்கலை. திரும்பப் பண்றான், எடுக்கலை. அவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அப்புறம் என்ன செய்வான்? பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் பண்ணுவான். “அத்தை, எங்க அம்மா போன் எடுக்கலை, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!” அத்தை போய்ப் பார்த்தா, அம்மா பின்னால மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்காங்க. “உசுரோடதான்டா இருக்கேன், ஏன்டா கத்தறே?”ன்னு சிரிக்கறாங்க. இந்தக் கூட்டத்துல இப்படி ஒரு தடவையாவது பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணாத பிள்ளைங்க எத்தனை பேர் இருப்பீங்க? (அமைதி)

நூறு தடவை அம்மா மாட்டுக்குத் தண்ணிதான் காட்டிக்கிட்டிருப்பாங்க. நூத்தியோராவது தடவை? கிணத்தடியில் வழுக்கி விழுந்திருந்தா? இடுப்பு எலும்பு உடைஞ்சு எழுந்திருக்க முடியாம கிடந்தா? போன் எங்கே? டிவி பெட்டி மேல.

2018 செப்டம்பர்ல ஆப்பிள் கம்பெனி தன் வாட்சுல ஒரு வசதி வச்சது. கட்டியிருக்கிறவங்க பலமா விழுந்தா, வாட்ச் “விழுந்துட்டீங்களா?”ன்னு கேட்கும். ஒரு நிமிஷம் அசைவே இல்லைன்னா, தானாவே அவசர எண்ணைக் கூப்பிடும். நாம குறிச்சு வச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கு இடத்தோட சேதி அனுப்பும். எல்லா விழுகையையும் அது கண்டுபிடிச்சுடும்னு கம்பெனிக்காரனே சொல்லலை, நானும் சொல்லலை. ஆனா கண்டுபிடிச்சாலும் அது சேதி சொல்ல என்ன வேணும்? பக்கத்துல போன் வேணும், இல்லைன்னா வாட்சுக்குப் பழகின வைஃபை வேணும், ரெண்டும் இல்லைன்னா சொந்தமா ஒரு சிம் வேணும். கிணத்தடியில் போன் இல்லை. கிணத்தடிக்கு வைஃபை யார் போட்டாங்க? மிச்சம் என்ன? சிம்! விழுந்ததைக் கண்டுபிடிச்சும் வெளியே சொல்ல வாயில்லாத வாட்சை வச்சு என்ன பண்றது? நம்ம தமிழ்நாட்டுல 2008 செப்டம்பர்ல 108 ஆம்புலன்ஸ் வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாத்துது. ஆனா அந்த வண்டி கூப்பிட்டாத்தானே வரும்? (கைதட்டல்)

நடுவர்: அம்மா, ஆப்பிள் வாட்ச் வேணும்னா ஆப்பிள் போனும் வாங்கணுமாமே? அந்த ஆயா ரெண்டு மாட்டையும் விக்கணுமா?

சரியான இடத்துல பிடிச்சீங்க அய்யா! அந்த வாட்ச் ஆண்ட்ராய்டு போனோட சேராதுங்கிறது உண்மைதான். ஆனா 2020-ல் அவங்க ஒரு வழி செஞ்சாங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட அந்தப் போன் இருந்தாப் போதும். அவர் தன் போனை வச்சே, போன் இல்லாத அம்மாவுக்கோ குழந்தைக்கோ வாட்சை ஏற்பாடு பண்ணிக் கொடுக்கலாம். ஆனா ஒரு நிபந்தனை. என்ன நிபந்தனை தெரியுமா? அந்த வாட்ச் சிம் இருக்கிற வாட்சா இருக்கணும்! எங்க அணியோட தீர்ப்பை அந்தக் கம்பெனியே எழுதிடுச்சு. ஆண்ட்ராய்டு போன்காரங்களுக்கு சாம்சங்கிலும் சிம் வாட்ச் வருது.

விலை அதிகம்னு ரெண்டாவதா பேசின தம்பி வருத்தப்பட்டார். 1995 ஜூலை 31-ல் இந்த நாட்டில் முதல் செல்போன் அழைப்பு போச்சு. மேற்கு வங்காள முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேசினார், டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அப்போ ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் கட்டணம். வந்த போனை எடுத்தாலும் காசு! மிஸ்டு கால்னு ஒரு சாஸ்திரத்தையே நம்ம ஜனங்க உருவாக்கினது அப்போதான். (சிரிப்பு) அன்னிக்கும் ஒரு பட்டிமன்றம் நடந்திருந்தா இதே தம்பி என்ன பேசியிருப்பார்? “தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருக்கும்போது கைக்கு எதுக்கு போன்?”னு பேசியிருப்பார். இன்னிக்கு அந்த பூத் எங்கே? போன் யார் கையில் இல்லை? விலை அதிகங்கிறது விலையோட குத்தம், தேவையோட குத்தம் இல்லை. பசிக்கிறவன்கிட்ட “அரிசி விலை ஏறிடுச்சு, அதனால உனக்குப் பசியே இல்லை”ன்னு சொல்ல முடியுமா?

பேட்டரி நிக்காதுன்னாங்க. உண்மை. போன் துணையில்லாம வாட்சுலயே பேசிக்கிட்டிருந்தா ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல தீர்ந்துடும். அய்யா, சம்பந்தி வீட்டுக் கதை பேசவா அது? “விழுந்துட்டேன், வா”ன்னு சொல்ல எத்தனை மணி நேரம் வேணும்?

மூணாவதா பேசின அண்ணன் புயலைக் கொண்டு வந்தார். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, இதோ பக்கத்துல இருக்கிற மயிலத்துல ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அதை இந்த மண்ணுக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. “கரண்டும் டவரும் போன அன்னிக்கு உங்க சிம் வாட்ச் என்ன கிழிச்சிருக்கும்?”னு கேட்டார். ஒண்ணும் கிழிச்சிருக்காது அண்ணே! டவர் இல்லைன்னா வாட்சும் ஊமை. ஆனா உங்க பையில் இருந்த போன் மட்டும் பாட்டா பாடியிருக்கும்? டவர் சாய்ஞ்சா டவரை நிமிர்த்தணும். அதுக்காக வாட்சோட வாயைக் கட்டக் கூடாது.

அவர் சொன்ன இன்னொண்ணு யோசிக்க வேண்டிய விஷயம். ஜெர்மனியில் 2017-ல் குழந்தைங்க கட்டற சில சிம் வாட்சுகளைத் தடை பண்ணினாங்க. நிஜம்தான். ஏன் பண்ணினாங்க? பெத்தவங்க வீட்டிலிருந்தே வகுப்பறையில் நடக்கிறதை ரகசியமா ஒட்டுக்கேட்க முடிஞ்சது. வாத்தியார் பாடம் நடத்தறதையும் கேட்டாங்க. அந்தத் தடை ஒட்டுக்கேட்கிற வாட்சுக்கு. சிம் இருக்கிற எல்லா வாட்சுக்கும் இல்லை. அதனால இங்கே இருக்கிற பெத்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் சேர்த்தே சொல்றேன்: பேர் தெரியாத மலிவு வாட்சை வாங்கிக் குழந்தை கையில கட்டாதீங்க. அம்மா கையில கட்டினாலும் அவங்களைக் கேட்டுக் கட்டுங்க. துணைக்குன்னு கொடுத்துட்டு வேவு பார்க்காதீங்க. எங்கே போனாங்க, எப்போ வந்தாங்கன்னு கணக்குக் கேட்டா, கயித்தை அவிழ்த்துட்டு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி ஆயிடும்.

நடுவர் அவர்களே! எதிரணி சொன்னதில் ஒரு பாதியை நான் அப்படியே ஏத்துக்கறேன். எந்நேரமும் போனைக் கையில வச்சுக்கிட்டு, குளிக்கும்போது மட்டும் சோப்பு டப்பா மேல வைக்கிறவருக்கு வாட்சுல தனி சிம் தேவையே இல்லை. அவருக்கு அது ரெண்டாவது செலவு, ரெண்டாவது பெருமை. ஆனா கடையில் இந்த வாட்சை வாங்கிக் கட்டிக்கிட்டு அலையறது யாரு? அவர்தான்! சட்டையில் பை இருக்கிறவர், பையில் போன் இருக்கிறவர், கையிலயும் சிம் வச்சிருக்கார். பையும் இல்லாம, போனும் கூட இல்லாம, கழனியிலும் கிணத்தடியிலும் தனியா நிக்கிற அம்மா கையில் வெறும் கண்ணாடி வளையல்.

அதனால தேவையா இல்லையான்னு பொருளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. கட்டப் போற கையைப் பார்த்துச் சொல்லுங்க. மாடு கண்ணுக்கு முன்னால மேயறவரைக்கும் கயிறு போதும். எட்டாத தூரத்துல இருக்கிற தாய்க்கு, தானா கூப்பிடற குரல் வேணும். அந்தக் குரலுக்குத்தான் சிம் வேணும்னு நாங்க கேட்கறோம். ஆகவே, ஸ்மார்ட் வாட்சுக்குத் தனி இணைப்பு தேவையே, அது முதல்ல தேவைப்படறது தனியா இருக்கிறவங்களுக்கே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)