மணிக்கோபுரத்தில் ஓர் உண்மைக் கணக்கு
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆலயமணி அடிப்பது ஒரு பொழுதுபோக்காக இருக்க முடியுமா? ஆராதனைக்கு அழைக்கும் மணியைத்தான் நாம் அறிவோம். ஆனால் இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டு முதல் இன்றுவரை, பல தொழில் செய்யும் சாதாரண மக்கள் மாலை வேளைகளில் மணிக்கோபுரம் ஏறி இதைப் பழகி வருகிறார்கள்.

அங்கே ஆறு அல்லது எட்டு மணிகள் சக்கரங்களில் மாட்டப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்தால் மணி முழுவட்டம் சுழன்று ஒரு தரம் ஒலிக்கும். பெரும்பாலும் மணிக்கு ஓர் ஆள். அவர்கள் பாட்டு வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். மூன்று மணிகளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஏழு மணிகளானால் 5,040 விதம்! பாரமான மணியை நினைத்தபடி விரைவுபடுத்த முடியாது. ஆகையால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஒரு மணி ஓரிடம் மட்டுமே முன்னோ பின்னோ நகரும். ஒருமுறை வந்த வரிசை மறுபடியும் வரக்கூடாது. கையில் காகிதம் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

இப்படி 5,000க்கு மேற்பட்ட மாற்றங்களை நிறுத்தாமல் ஒலிப்பதற்குப் "பீல்" என்று பெயர். சுமார் மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் ஆள் மாறக்கூடாது. 1715ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, நார்விச் நகரின் செயின்ட் பீட்டர் மான்கிராஃப்ட் ஆலயத்தில் ஒலித்ததே முதல் உண்மையான பீல் என்று கருதப்படுகிறது. 1963 ஜூலையில் லஃப்பரோ நகரின் மணி வார்ப்புச்சாலையில் எட்டுப் பேர், எட்டு மணிகளின் 40,320 மாற்றங்களையும் ஒலித்து முடித்தார்கள். ஆன நேரம் 17 மணி 58 நிமிடம். அவர்களில் ஒருவருக்கும் மாற்றாள் இல்லை!

சிறப்பான பீல்களைப் பலகையில் எழுதிக் கோபுர அறையின் சுவரில் மாட்டுவதுண்டு. தேதி, எடுத்த நேரம், மாற்றங்களின் எண்ணிக்கை, ஒலித்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். பெயர்கள் அந்தஸ்தைப் பார்த்து அல்ல, அவரவர் பிடித்த மணியின் எண்படியே வரும்.

அன்பானவர்களே, என் உள்ளத்தைத் தொட்டது இனிமேல் சொல்வதுதான். இரண்டரை மணி நேரம் ஒலித்த பின்பு வரிசை குலைந்து, சரிசெய்ய முடியாமற்போனால் என்ன ஆகும்? தெருவில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு எல்லாம் மணியோசைதான். ஆனாலும் நடத்துகிறவர் "ஸ்டாண்ட்" என்று சொல்லுவார். எல்லாரும் மணிகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைய உழைப்பு பீலாக எழுதப்படாது. எழுதிய பின்பு, ஒரே வரிசை இரண்டு முறை வந்ததாகக் கண்டுபிடித்தால், அந்தப் பதிவையே திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். ஒருவருடைய தவறானாலும் எல்லாருடைய பெயரும் போகும். வெறும் பொழுதுபோக்குத்தானே என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை. அதனால்தான் சுவரில் நிற்கும் பெயர்களுக்கு மதிப்பு இருக்கிறது.

வெளியே இருக்கிறவர்கள் கேட்பது ஓசையை மட்டுமே. அது சரியா, தவறா என்பது கயிற்றைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஒருவரும் கணக்குக் கேட்காத இடத்திலும் உண்மையாய்க் கணக்கு எழுதுகிறவர்களாய் நாமும் இருப்போமாக.