துருக்கி வாங்கிய உதவியும் கொடுத்த விலையும்



இரண்டாம் உலகப் போரில் துருக்கி எப்படித் தப்பியது தெரியுமா? 1939 அக்டோபரில் பிரிட்டன், பிரான்சுடன் ஒப்பந்தம். 1941 ஜூனில் ஹிட்லரின் ஜெர்மனியுடனும் ஒப்பந்தம்! குரோம் தாதுவை இரு தரப்புக்கும் விற்றார்கள். முதல் உலகப் போரில் இறங்கித்தானே உதுமானியப் பேரரசே அழிந்தது? அதிபர் இஸ்மத் இனோனு அதை மறக்கவில்லை. 1943 ஜனவரியில் சர்ச்சில் அதானா நகருக்கே வந்து பேசியும் அவர் படையை அனுப்பவில்லை. 1945 பிப்ரவரி 23இல்தான் போர்ப் பிரகடனம். அதுவும் ஐ.நா. ஸ்தாபக மாநாட்டில் இடம் வேண்டும் என்பதற்காக! தந்திரம் என்பீர்கள். ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய தந்திரம் என்பேன் நான்.

ஆனால் போர் முடிந்ததும் என்ன நடந்தது? 1925இல் செய்த நட்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சோவியத் ரஷ்யா 1945 மார்ச்சில் கைவிரித்தது. ஜூனில் மொலட்டோவ் துருக்கித் தூதரிடம் கார்ஸ், அர்தஹான் பகுதிகளைக் கேட்டார். ஜலசந்தியில் ராணுவத் தளமும் வேண்டுமாம்!

பயந்த துருக்கி அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தது. 1946 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசௌரி போர்க்கப்பல் இஸ்தான்புல் வந்து சேர்ந்தது. ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட அதே கப்பல். எதற்காக வந்தது? 1944இல் வாஷிங்டனில் காலமான துருக்கித் தூதரின் உடலைக் கொண்டுவர! ஒரு ஜனாஸாவுக்கு இவ்வளவு பெரிய கப்பலா? மாஸ்கோ பார்க்கட்டும் என்றுதான்.

1947 மார்ச்சில் அதிபர் ட்ரூமன் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டார். ஜூலையில் துருக்கியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் நான்காவது ஷரத்தைக் கவனியுங்கள். எந்த நோக்கத்துக்காக உதவி தரப்படுகிறதோ, அதைத் தவிர வேறெதற்கும் அமெரிக்காவின் சம்மதமின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது! ரஷ்ய பயத்தில் இருந்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரிந்திருக்குமா?

1950இல் துருக்கி கொரியாவுக்குப் படை அனுப்பியது. 1952இல் நேட்டோவில் சேர்ந்தது. மறு ஆண்டே ஸ்டாலின் இறந்தார். கார்ஸ், அர்தஹான் கோரிக்கையை ரஷ்யா கைவிட்டது. பயத்துக்குக் காரணம் போய்விட்டது. ஷரத்து போகவில்லை!

1963 டிசம்பரில் சைப்ரஸில் கலவரம் வெடித்தது. அங்குள்ள துருக்கியரைக் காக்க 1964 ஜூனில் துருக்கி படையிறக்கத் தயாரானது. ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜான்சனின் கடிதம் வந்தது. நாங்கள் தந்த ஆயுதத்தைத் தொட எங்கள் சம்மதம் வேண்டும் என்று அந்த நான்காவது ஷரத்தையே எடுத்துக்காட்டினார். ரஷ்யா தலையிட்டால் நேட்டோ துணைக்கு வரும் என்று உறுதி சொல்லவும் அவர் தயாராக இல்லை.

கடிதம் யார் கைக்குப் போனது தெரியுமா? அப்போது பிரதமராக இருந்த இஸ்மத் இனோனுவின் கைக்கு! 1947இல் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதிபராக இருந்தவர் அவர்தான்.

படையிறக்கம் நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் துருக்கியின் வெளியுறவு அமைச்சர் மாஸ்கோவுக்குப் பயணமானார். கார்ஸைக் கேட்ட அதே மாஸ்கோவுக்கு!