கறை படிந்த காகிதத்தைத் திருத்த 66 ஆண்டுகள்

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஆலையிலிருந்து ஒருவரை நிறுத்துகிறார்கள். கணக்கைத் தீர்த்துக் கையில் ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டார் என்று அதில் ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்? நாம் அடுத்த ஆலையின் கேட்டுக்குப் போகுமுன்பே அந்த வரி அங்கே போய் நிற்கும். இது நமக்குத் தெரிந்த சங்கதி. பட்டாளத்திலும் இதே சங்கதி உண்டு. அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம்.

1906 ஆகஸ்டு 13. டெக்ஸாஸ் மாநிலத்தில் பிரௌன்ஸ்வில் என்ற ஊர். நள்ளிரவில் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடைச் சிப்பந்தி ஒருவர் செத்தார். போலீஸ் அதிகாரி ஒருவர் காயமடைந்தார். ஊருக்குப் பக்கத்துக் கோட்டையில் 25-வது காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். "இவர்கள்தான் சுட்டார்கள்" என்றார்கள் ஊர் வெள்ளையர்கள். "எங்கள் ஆட்கள் முகாமில்தான் இருந்தார்கள்" என்றார்கள் அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே. காலையில் துப்பாக்கிகளைச் சோதித்தார்கள். சுட்ட அடையாளம் இல்லை.

சுட்டது யார் என்று சிப்பாய்களைக் கேட்டார்கள். தெரியாது என்றார்கள். தெரியாததை எப்படிச் சொல்வது? ஆனால் மேலிடம் என்ன சொல்லிற்று? எல்லோரும் கூடிப் பேசி வாயை மூடிக்கொண்டார்கள் என்றது. மௌனமே குற்றமாயிற்று! ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை ஒரே உத்தரவில் நற்பெயரின்றி வெளியேற்றினார். வழக்கில்லை, விசாரணை மன்றமில்லை. காங்கிரஸ் தேர்தலில் கறுப்பு மக்கள் வாக்களித்து முடிந்த பிறகே, அந்த நவம்பரில், உத்தரவு வெளியே வந்தது. 20 ஆண்டுக்கு மேல் உழைத்தவர்களுக்கும் பென்ஷன் போயிற்று.

செனட்டர் ஜோசப் ஃபோரக்கர் அவர்களுக்காக வாதாடினார். பலன்? 14 பேர் மட்டும் திரும்பச் சேரத் தகுதியுள்ளவர்கள் என்றார்கள். மற்றவர்கள் அந்தக் காகிதத்தோடேயே வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் அதோடேயே மாண்டார்கள்.

தோழர்களே, இது ஓர் ஊரோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் நீலக் காகிதத்தில் அச்சடித்த ஒரு வகை விடுவிப்பு இருந்தது. கோர்ட் மார்ஷல் வேண்டியதில்லை. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் வரை ராணுவம் 48,603 பேருக்கு அதைக் கொடுத்தது. அவர்களில் 10,806 பேர் கறுப்பர்கள். படையில் அவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்; நீலக் காகிதம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 22 பேர்! தன்பாலின விருப்பமுள்ளவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் அதே காகிதம்தான். படிப்பு உதவி, வீட்டுக் கடன் எல்லாம் அதைக் காட்டியே மறுக்கப்பட்டன. கறுப்பு மக்களின் பத்திரிகைகள் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தன. 1947-ல் நீலக் காகிதம் ஒழிந்தது. ஆனால் கெட்ட பெயர் கொடுக்கும் முறை ஒழியவில்லை.

இன்று அங்கே விடுவிப்பு ஐந்து தரம். மேலே நற்பெயருடன் விடுவிப்பு. அதற்கடுத்தது பொது விடுவிப்பு. கடைசி இரண்டும் கோர்ட் மார்ஷல் தண்டனையாக வருபவை. நடுவில் இருப்பதுதான் கண்ணி: நற்பெயரல்லாத விடுவிப்பு. அதற்கு நீதிமன்றமே வேண்டாம். "கோர்ட் மார்ஷலுக்குப் போகிறாயா, இதில் கையெழுத்துப் போடுகிறாயா?" என்று கேட்கிறார்கள். பயந்து போடுகிறான் சிப்பாய். "ராஜினாமா எழுதிக் கொடு, வழக்கில்லாமல் விடுகிறோம்" என்று நம்மிடம் கேட்பதில்லையா? அதே வித்தைதான். ஆறு மாதம் போனால் காகிதம் தானாக நல்லதாகிவிடும் என்றும் ஒரு வதந்தி. சுத்தப் பொய். மனுப் போடாமல் எதுவும் மாறாது.

மனுவுக்கு வழியுண்டு. 1944-ல் வந்த சட்டம் விடுவிப்பு மறுஆய்வுக் குழுவை ஏற்படுத்தியது. உறுப்பினர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். 15 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நேரில் போய்ப் பேசவும் கேட்கலாம். குழு தரத்தை உயர்த்தலாம், இறக்க முடியாது. ஆகவே முறையிடுவதால் இருப்பது போய்விடாது. கெடு தாண்டியவர்களுக்கும், பெரிய கோர்ட் மார்ஷல் தண்டித்தவர்களுக்கும், பதிவுத் திருத்தக் குழு என்று இன்னொன்று உண்டு. தவறு தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அதன் கெடு. நியாயம் இருந்தால் அதையும் தளர்த்துவார்கள்.

அங்கே என்ன கேட்கிறார்கள்? சட்டப்படி நடந்ததா, நியாயமாக நடந்ததா என்ற இரண்டுதான். ஆனால் அதிகாரி செய்தது சரியே என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். தவறு என்று காட்டும் பாரம் சிப்பாயின் தலையில். அழுகை எடுபடாது, அத்தாட்சி எடுபடும். பணிப் பதிவு, டாக்டர் சீட்டு, கூட இருந்தவர்களின் வாக்குமூலம், வெளியே வந்தபின் ஒழுங்காய் வாழ்ந்ததற்குச் சான்று, இவைதான் ஆயுதங்கள். போரால் மனம் சிதைந்து தவறு செய்தவர்களைத் தாராளமாகக் கவனிக்க வேண்டுமென்று 2014-ல்தான் குழுக்களுக்கு உத்தரவு போயிற்று. வியட்நாம் போர் முடிந்து ஏறக்குறைய 40 ஆண்டுக்குப் பிறகு!

இன்னொன்றும் கேளுங்கள். 1973-ல் செயின்ட் லூயிஸ் நகரப் பதிவு நிலையத்தில் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட பணிப் பதிவுகள் எரிந்தன. வீட்டுப் பெட்டியில் பிரதி வைத்திருந்தவன் பிழைத்தான்.

பிரௌன்ஸ்வில் சிப்பாய்கள் என்ன ஆனார்கள்? 1970-ல் ஒரு எழுத்தாளர் பழைய ஏடுகளைக் கிளறிப் புத்தகம் எழுதினார். காங்கிரஸ் உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் மசோதா கொண்டுவந்தார். 1972-ல் ராணுவம் தன் தவறை ஒப்புக்கொண்டு நற்பெயர் கொடுத்தது. எஞ்சியிருந்த டார்சி வில்லிஸ், மின்னியாபொலிஸ் நகரில் ஒரு முடிதிருத்தும் கடையில் 59 ஆண்டு பூட்சுக்குப் பாலிஷ் போட்டவர். நல்ல காகிதம் கைக்கு வந்தபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். பிற்பாடு 25,000 டாலர் கொடுத்தார்கள். 1977-ல் காலமானார். இருபது வயதில் பறித்ததை எண்பதில் கொடுத்தால் அது நஷ்ட ஈடா?

தோழர்களே, நாம் கற்க வேண்டியது இதுதான். பயமுறுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் பிரதி வையுங்கள். கெடுவைத் தவற விடாதீர்கள். பக்கத்துத் தறிக்காரனுக்கு, பக்கத்து வயல்காரனுக்கு அநியாயம் நடந்தால் கண்டதைச் சாட்சியாக எழுதிக் கொடுங்கள். வில்லிஸுக்கு 66 ஆண்டு ஆயிற்று. நம்மில் ஒருவருக்கு 66 நாள்கூட ஆக விடக்கூடாது!