சொற்கேட்கும் ஊக்கி



காபன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு இலகுவில் அறாதது. அதனை அறுத்து, கோலாட்டத்திலே சோடி மாறுவதுபோல், பாதிகளை மாற்றிப் பிணைக்கும் தாக்கமே ஒலிபீன் மெற்றாதெசிசு. 1971இல் பிரான்சிய அறிஞர் சோவென் அதன் வழியை விளக்கினார். அவருக்கும், நல்ல ஊக்கிகளை ஆக்கிய அமெரிக்கர் சுரொக், கிரப்சு இருவருக்கும் 2005இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பரிசைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. நோபோனீன் போன்ற வளைய மூலக்கூறுகளை ஊக்கி ஒவ்வொன்றாய்த் திறந்து கோத்தால் பல்பகுதியச் சங்கிலி உண்டாகும். ஊக்கி மூலக்கூறு ஒன்றுக்கு 100 வளையங்கள் இட்டால், சங்கிலிதோறும் ஏறத்தாழ 100 கண்ணிகள் அமையவேண்டும். எல்லாச் சங்கிலிகளும் ஒரே வேளையில் தொடங்கினாலன்றோ அது நடக்கும்? கிரப்சின் இரண்டாந் தலைமுறை உருதேனிய ஊக்கி மிக வல்லது. ஆயினும் தொடங்கச் சுணங்கும். முந்தியவை வளையங்களை விழுங்கிவிட, பிந்தியவை குட்டையாகும். போதாக்குறைக்குத் தான் கட்டிய சங்கிலியையே திரும்பக் கடிக்கும். வல்லமையிருந்தும் என்ன!

2002இல் வந்த மூன்றாந் தலைமுறையில், பொசுபீனுக்குப் பதிலாக, எளிதிற் கழலும் புரோமோபிரிடீனை வைத்தார்கள். அது கழன்றதும் வேலை தொடங்கும். வளையங்கள் தீர்ந்தபின்னும் ஊக்கி சங்கிலி முனையில் உயிரோடிருக்கும். வேறுவகை வளையத்தை இட்டால் இரண்டாந் துண்டமும் அதே சங்கிலியில் வளரும். போதுமென்றால் எதைல் வினைல் ஈதரைச் சிறிது விடுவார்கள். ஊக்கி கழன்று, சங்கிலி அவ்வளவில் நின்றுவிடும்.